எளிமையும் சமரசமும்: பிங் புளொயிட் குழுவினரின் இசைமாற்றம் பற்றிய ஒரு நோக்கு

பரிசோதனை முயற்சிகளால் அறியப்பட்ட கலைஞர் எளிமையை நாடும்போது, அதனை வளர்ச்சி என்பதா, சமரசம் என்பதா என்ற வினா எழுவது இயல்பே. பிரித்தானிய றொக் இசைக்குழுவாகிய பிங் புளொயிட் 1969 இற்கும் 1973 இற்கும் இடையில் அடைந்த மாற்றம் இவ்வினாவை ஆராய்வதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். அம்மாற்றத்தைச் சந்தையின் வெற்றியாக மட்டும் இகழ்வோரும், இசைமுதிர்ச்சியாக மட்டும் போற்றுவோரும் உளர். இரு சாராரும் உண்மையின் ஒரு பாதியையே காண்கின்றனர்.

1965 இல் இலண்டனில் உருவான இக்குழு, சிட் பரற் இயற்றிய சிறு பாடல்களாலேயே 1967 இல் முதன்முதலாக விற்பனைப் பட்டியல்களில் இடம்பெற்றது. 1968 இல் அவர் விலகியதும், முதன்மைப் பாடலாசிரியரை இழந்த குழு நீண்ட கருவியிசையின்பாற் சென்றது. எனவே அவர்களது பரிசோதனை கொள்கையின் விளைவு மட்டுமன்று. ஓர் இழப்பினை ஈடுசெய்யும் முயற்சியுமாகும். 1969 இல் வெளிவந்த ‘உம்மகும்மா’ என்ற இரட்டை இசைத்தட்டு இதனைத் தெளிவாக்குகின்றது. அதன் ஒரு தட்டு மேடை நிகழ்ச்சிகளின் பதிவு. மற்றையதில் உறுப்பினர் நால்வரும் தத்தமக்கெனத் தனித்தனிப் பகுதிகளை ஆக்கியுள்ளனர். புதிய ஒலிகள் அங்கு நிரம்ப உள. ஆனால் நான்கு தனிமனிதரின் தேடல்கள் அருகருகே வைக்கப்பட்டுள்ளனவேயன்றி ஒன்றிணையவில்லை. கேட்போனை மறந்த தனிமனிதவாதம் என இதனைக் கூறுதல் மிகையாகாது.

1971 இல் வெளிவந்த ‘மெடில்’ இசைத்தட்டிலுள்ள ‘எக்கோஸ்’ ஏறத்தாழ 23 நிமிட நீளமுடையது. எனினும், நால்வரது உழைப்பும் ஒன்றுகலந்த அமைப்பு அங்கே புலப்படுகின்றது. அடுத்த முக்கிய கட்டம் 1973 இல் வெளிவந்த ‘த டாக் சைட் ஒஃப் த மூன்’ ஆகும். இப்படைப்பு ஒலிப்பதிவுக் கூடத்திலே பிறந்ததன்று. 1972 ஜனவரி முதல் மேடைகளில் மக்கள் முன்னிலையில் இசைக்கப்பட்டுத் திருத்தமுற்ற பின்னரே அது இசைத்தட்டாயிற்று. அதன் பாடல்வரிகள் அனைத்தையும் றொஜர் வோட்டர்ஸ் எழுதினார். காலம், பணம், போர், சித்தப்பிரமை, மரணம் என்பன நேரடியான மொழியிற் பேசப்பட்டன.

இங்குப் பரிசோதனை கைவிடப்படவில்லை என்பது மனங்கொள்ளற்பாலது. ‘மணி’ என்னும் பாடலில், நாணயங்களின் ஓசையும் காசுப்பதிவுப் பொறியின் ஓசையும் ஒலிநாடாவை வெட்டி ஒட்டித் தாளமாக்கப்பட்டுள்ளன. அத்தாளமும் வெகுசன இசைக்கு அந்நியமான ஏழு எண்ணிக்கையில் அமைந்தது. கிற்றார் தனியிசையின்போதே வழமையான நான்கிற்கு மாறுகின்றது. முன்னர் தன்னளவில் நின்ற ஒலிவித்தை, இப்போது பொருளுக்குப் பணிசெய்கின்றது. உருவம் எளிமையுற்றது என்பதிலும், உள்ளடக்கம் உருவத்தை ஒழுங்குபடுத்தியது என்பதே பொருந்தும்.

ஆயினும் இவ்வெற்றியின் முரண்பாடு மறைத்தற்குரியதன்று. பணத்தை எள்ளிநகையாடிய இசைத்தட்டு 4 கோடிக்கும் மேலாக விற்பனையாகிப் பெரும் பண்டமாயிற்று. அதில் ‘த கிறேற் கிக் இன் த ஸ்கை’ என்னும் பகுதியிற் சொற்களின்றிக் குரலாலேயே இசைபடைத்த கிளயர் ரொறிக்கு அன்று கிடைத்த ஊதியம் 30 பவுண். அவர் 2004 இல் வழக்குத் தொடர்ந்து, 2005 இல் எட்டப்பட்ட இணக்கத்தின் பின்னரே இணையாக்குநராக ஏற்கப்பட்டார். கூட்டுழைப்பின் பயன் கூட்டாகப் பகிரப்படவில்லை. 1975 இல் வந்த ‘விஷ் யூ வேர் ஹியர்’ இசைத்தொழில் வணிகத்தையே சாடியதாயினும், அச்சாடலும் அதே வணிகத்தின் வழியாகவே விற்பனைக்கு வந்தது.

எனினும் படைப்பின் கதையைச் சந்தை மட்டும் முடித்துவைப்பதில்லை. 1979 இல் வெளிவந்த ‘த வோல்’ தொகுப்பில், பாடசாலைச் சிறுவர் குழுவொன்றும் சேர்ந்து பாடிய, அடக்குமுறைக் கல்வியைக் கண்டிக்கும் பாடலொன்று உண்டு. குழுவின் ஆக்கங்களுள் மிக எளிமையானவற்றுள் ஒன்று அது. 1980 இல் தென்னாபிரிக்காவில் இனஒதுக்கற் கல்விக்கு எதிராகப் பாடசாலைகளைப் பகிஷ்கரித்த மாணவர் அதனைத் தமதாக்கிப் பாடினர். அரசு அதனைத் தடைசெய்தது. ‘உம்மகும்மா’வின் தனியிசைப் பகுதி எதனையும் ஒரு கூட்டம் வீதியிற் பாடியிருத்தல் இயலாது.

ஆகவே, எளிமை தன்னளவில் முற்போக்கானதுமன்று, பிற்போக்கானதுமன்று. சந்தைக்கு வழிதிறக்கும் அதே எளிமை மக்களுக்கும் வழிதிறக்கலாம். விமர்சகன் கேட்கவேண்டியது, இசை எளிதாயிற்றா என்பதன்று. எளிதானதன் மூலம் எது தெளிவாயிற்று, அதனை எவர் தமதாக்கிக்கொண்டனர், அதன் பயன் எவரைச் சென்றடைந்தது என்பனவேயாம். பிங் புளொயிட் குழுவினரைப் பொறுத்தவரை முதலிரு வினாக்களுக்குரிய விடை அவர்களுக்குப் பெருமை சேர்ப்பது. மூன்றாவதற்குரிய விடை அத்தகையதன்று.