சமயம் என்னும் பெயரும் சமூக உறவும்: அய்யாவழியை முன்வைத்து ஒரு நோக்கு

புதியதோர் ஆன்மிக இயக்கத்தைத் தனிச் சமயமெனக் கொள்வதா, பழஞ்சமயமொன்றின் கிளையெனக் கொள்வதா என்னும் வினாவிற்கு ஆய்வாளர் பல அளவுகோல்களைத் தந்துள்ளனர். எட்வேட் டைலர் (1871) ஆவியுருக்கள் மீதான நம்பிக்கையையே சமயத்தின் குறைந்தபட்ச இலக்கணமாகக் கொண்டார். எமில் டுர்கைம் (1912) புனிதம் பற்றிய நம்பிக்கையும் சடங்கும் மக்களை ஓர் அறச் சமூகமாகப் பிணைப்பதை வற்புறுத்தினார். இவை பயனுடையனவே. ஆயின், பெயரிடும் அதிகாரம் எவரிடம் உள்ளது என்பதை இவை வினவுவதில்லை. தென்திருவிதாங்கூரில் தோன்றிய அய்யாவழி இக்குறையை நன்கு புலப்படுத்துகின்றது.

வைகுண்டர் (மறைவு 1851) சாமித்தோப்பிலிருந்து போதித்த காலத்தில் வரியும் ஊழியமும் சாதித் தடைகளும் நாடார் முதலிய உழைக்கும் சாதியாரை நசுக்கின. அவர்வழி நின்றோர் சாதி பேதமின்றி ஒரே கிணற்றில் நீரெடுத்தனர். ஆடவர் தலைப்பாகை அணிந்து கண்ணாடி முன் நின்று வழிபட்டனர். குனிந்து நிற்கப் பணிக்கப்பட்டவன் தன் உருவின் முன் நிமிர்ந்து நின்றான் என்பதே இச்சடங்கின் சமூகப் பொருளாகும்.

வைகுண்டரைத் திருமாலோடு தொடர்புபடுத்துவதால் இது வைணவத்தின் கிளையே என வாதிடலாம். ஆனால் அரிகோபாலன் 1841இல் எழுதியதாகக் கொள்ளப்படும் அகிலத்திரட்டு அம்மானையை நோக்குவோர் வேறொன்றைக் காண்பர். யுகக் கணக்கும் அவதாரக் கதையும் பழையனவே, உள்ளடக்கமோ புதிது. புராணத்துக் கலி இங்கு வரி தண்டும் மன்னனாக, கலிநீசனாக, உருப்பெறுகின்றது. ஆங்கிலேயன் வெண்நீசனாகின்றான். பழைய வடிவம் புதிய வர்க்க அனுபவத்தைத் தாங்கி நிற்கின்றது.

டுர்கைமின் இலக்கணப்படி இது சமயமே: நூலுண்டு, பதிகளும் நிழல்தாங்கல்களும் உண்டு, கூட்டு வாழ்வும் உண்டு. எனினும் லண்டன் மிஷனரிமார் இதனைத் தம் பணிக்கு இடையூறாகக் கண்டனர். இந்தியக் குடிசனக் கணிப்போ இவ்வழியினரைப் பெரும்பாலும் இந்துக்களாகவே எண்ணி வந்துள்ளது. ஒவ்வொருவரும் தத்தம் தேவைக்கேற்பவே பெயரிட்டனர். இதனைப் பொய்யுணர்வு என ஒரு சொல்லில் ஒதுக்கும் வறட்டு மார்க்சியமும் அவ்வரிசையிலேயே சேரும். சமயத்தில் துன்பத்தின் வெளிப்பாட்டையும் அதற்கெதிரான மறுப்பையும் ஒருங்கே கண்டவர் மார்க்ஸ் என்பதை அத்தகையோர் மறந்துவிடுகின்றனர்.

கல்முனை முதல் அறுகம்பே வரையான எமது கரையோரத்திற்கும் இவ்வினா அந்நியமன்று. கல்முனைக் கடற்கரைப்பள்ளியில் நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகையின் பேரால் ஆண்டுதோறும் நிகழும் கொடியேற்றத்தை மார்க்கத்தின் பாற்பட்டதென்பாரும் அன்றென்பாரும் உளர். அவ்வழக்கில் தீர்ப்பு வழங்குதல் ஆய்வாளர் பணியன்று. யார், எப்போது, எந்நலன் கருதி எல்லைக்கோட்டை வரைகின்றனர் என்பதையும், கோட்டுக்கு வெளியே நிறுத்தப்படும் மக்கள் எதனை இழக்கின்றனர் என்பதையும் வெளிக்கொணர்வதே நம் கடனாகும்.