முகமில்லாத ஓடம்

காவிரியைப் பற்றி ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். முக்கொம்பில் இரண்டாகப் பிரிந்து, தெற்கே காவிரியாகவும் வடக்கே கொள்ளிடமாகவும் ஊரை நடுவில் வைத்துக்கொண்டு போகிற ஆறு அது. ஆடியில் எங்கள் ஊர்க் கோயிலின் நம்பெருமாளே அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளி காவிரிக்குச் சீர் கொடுக்கிறார். ஆனால் ஓடம் ஓட்டும் கலை என்று வந்தால் நாங்கள் ஏழைகள். வருஷத்தில் பல மாதம் மணல். மீதி நாளில் அணைக்காரர்கள் அளந்து விட்ட தண்ணீர். திருச்சி ஓடத்துறையில் இன்று பஸ்தான் ஓடுகிறது. முக்கொம்புப் பக்கம் மீனவர்கள் பரிசலில் போய் வலை போடுவார்கள். நிதானமான, அழகான வேலை. ஆனால் அங்கே ஆறு அவர்களைப் பெரிதாகச் சோதிப்பதில்லை. துடுப்புப் பிடிக்கும் கையின் முழு வித்தையைப் பார்க்க வேண்டுமென்றால் இதே ஆற்றில் மேலே போக வேண்டும்: சேலம், தருமபுரி, பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல்.

அங்கே போகிறவர்கள் அருவி பார்க்கப் போகிறார்கள். எண்ணெய் தேய்த்துவிடச் சொல்லி, குளித்து, மீன் வறுவல் தின்று திரும்புகிறார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த மீன் வறுவலுக்காகவே போகலாம். ஆனால் ரசிகன் பார்க்க வேண்டிய இடம் அருவிக்குக் கீழே இருக்கிறது. அகலமாகப் பரந்து, பல கிளையாகப் பாறையில் விழுந்த ஆறு அங்கே சட்டென்று ஒடுங்கி, இரண்டு பக்கமும் செங்குத்தாக நிற்கும் கற்சுவர்களுக்கு நடுவே நுழைகிறது. கார்பனடைட் என்ற அரிய வகைப் பாறை ஒகேனக்கல்லில் கிடைக்கிறது. அதன் வயதைப் புவியியலார் சுமார் 240 கோடி ஆண்டு என்கிறார்கள். மேலே வெயிலில் காய்ந்த மலை, முள்காடு. கீழே நிழலும் ஈரமும் ஆழமும். கோத்திக்கல் துறையில் பரிசல் ஏறி இந்த இடுக்குக்குள் போகும்போது வானம் ஒரு கீற்றாகிவிடும்.

இந்த இடுக்கின் மறுமுனையில் ஓர் ஏரி இருப்பது பலர் கவனத்துக்கு வருவதில்லை. 1925-ல் தொடங்கி 1934-ல் முடித்த மேட்டூர் அணையின் ஸ்டான்லி நீர்த்தேக்கம்தான் அது. அணை 120 அடியைத் தொடும்போது பின்னால் தேங்கும் தண்ணீர் ஒகேனக்கல் வரை எட்டிப் பார்க்கும். நீர்மட்டம் இறங்கினால் பண்ணவாடியில் நந்தி தலை காட்டும், பழைய மாதா கோயிலின் கோபுரம் வெளியே வரும். மேலே இடுக்கில் ஆறு மறுபடி ஆறாகிவிடும். அமெரிக்காவின் அரிசோனாவிலும் இதே கதைதான். 1963-ல் கிளென் கேன்யன் அணையில் தண்ணீர் தேக்கத் தொடங்கியதும் பவல் ஏரி பாலைவனப் பள்ளத்தாக்குகளின் தொண்டைக்குள் நுழைந்தது. இப்போது அந்த ஏரியிலிருந்து கயாக் என்ற ஒல்லியான ஓடத்தை வலித்துக்கொண்டு ஆன்டிலோப் கேன்யனுக்குள் போகிறார்கள். ஏரி நிறைந்திருந்தால் நெடுந்தூரம் உள்ளே போகலாம். இறங்கிவிட்டால் சீக்கிரமே கயாக்கை விட்டிறங்கி நடக்க வேண்டியதுதான்.

கயாக்கும் பரிசலும் தூரத்து உறவு. வடதுருவத்து வேட்டைக்காரர்கள் சட்டத்தின் மேல் நீர்நாய் போன்ற சீல் விலங்கின் தோலை இழுத்துக் கட்டினார்கள். நம்மவர்கள் மூங்கில் பிளாச்சைப் பின்னி மாட்டுத்தோல் போர்த்தினார்கள். விலங்கைத் துரத்த வேண்டியவர்களுக்கு ஓடம் ஊசியாக நீண்டது. பாறை நிறைந்த ஆற்றில் ஆளையும் மூட்டையையும் அக்கரை சேர்க்க வேண்டியவர்களுக்கு அது வட்டமானது. சராசரிப் பரிசல் எட்டடிக்குச் சற்றுக் குறைந்த விட்டம். அடி தட்டை என்பதால் கொஞ்சத் தண்ணீரே போதும். பாறையில் மோதினால் மூங்கில் வளைந்து கொடுக்கும், உடையாது. மூங்கிலும் மற்றதும் தயாராக இருந்தால் ஒரே நாளில் கட்டிவிடலாம். தோலுக்குப் பதில் இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் தாரும் வந்துவிட்டன.

வட்டத்துக்கு முன்பக்கம் கிடையாது. சிலப்பதிகாரத்தில் வையைத் துறையில் குதிரை முகமும் யானை முகமும் சிங்க முகமும் வைத்த ஓடங்கள் வரிசையாக நிற்கின்றன. கோவலனும் கண்ணகியும் அவற்றில் ஏறாமல் வெறும் மரப்புணையில் அக்கரை போகிறார்கள். அந்த முக ஓடங்களுக்கு நேர் எதிர் நம் பரிசல். எந்தப் பக்கம் பரிசல்காரர் உட்காருகிறாரோ அந்தப் பக்கம் முகம். துடுப்பு வெளியே வந்த மறுகணம் அதுவும் அழிந்துவிடும்.

கயாக் ஓட்டி நீரோட்டத்தைக் குறுக்கே கடக்கும்போது மூக்கைச் சற்றுச் சாய்த்து வைப்பார். பாதி வேலையை ஓடத்தின் வடிவமே செய்துவிடும். பரிசலில் சாய்க்க மூக்கு இல்லை, அடியில் நீரைக் கிழிக்கும் தண்டு இல்லை. எல்லாம் ஒரே ஒரு துடுப்பும் ஒரு ஜோடிக் கையும்தான். வலப்பக்கம் போட்டால் இடப்பக்கம் சுற்றும், இடப்பக்கம் போட்டால் வலப்பக்கம். ஆகவே பரிசல்காரர் விளிம்பில் உட்கார்ந்து, துடுப்பைத் தனக்கு முன்னால் எட்டி ஊன்றி, தண்ணீரைத் தன்னை நோக்கி இழுக்கிறார். சுற்ற ஆரம்பிக்கும் முன்பே மறுபக்கம் மாற்றிவிடுகிறார். நல்ல கையா என்று பார்க்க நான் வைத்திருக்கும் ஒரே சோதனை: எதிரே உட்கார்ந்திருப்பவரின் தலைக்குப் பின்னாலுள்ள பாறையைப் பாருங்கள். அது இடமும் வலமும் சின்னதாக ஆடி, ஆனால் நழுவாமல் அங்கேயே இருந்தால் துடுப்பு தேர்ந்தவரிடம் இருக்கிறது.

இரண்டாவது வித்தை கண்ணில் இருக்கிறது. இடுக்கில் நடுநீர் வேகமாகக் கீழே ஓடும்; சுவரோரம், பாறை முண்டுகளுக்குப் பின்னால், தண்ணீர் மெதுவாக மேல்நோக்கித் திரும்பும். தெரிந்தவர் அருவியை நோக்கி ஏறும்போது நடுநீரோடு மல்லுக்கட்ட மாட்டார். ஓரத்து எதிர்நீரைப் பிடித்து, அது தீருமிடத்தில் நாலு இழுப்பு இழுத்து, அடுத்த பாறையின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிவிடுவார். இத்தனை பேரை ஏற்றிக்கொண்டு போகிறவருக்கு மூச்சு வாங்கவில்லையே என்று நாம் வியந்தால், அவர் பாதித் தூரம் ஆற்றின் செலவிலேயே வந்திருப்பார். அருவியின் சாரல் முகத்தில் அடிக்கும் இடத்தில் பரிசலை ஒரே புள்ளியில் நிறுத்துவது இதற்கும் மேலான வேலை. முன்னேறுவது கண்ணுக்குத் தெரியும்; நிற்பதன் உழைப்பு தெரியாது, அதனால் அதற்குக் கைதட்டலும் இல்லை.

கைதட்டல் எல்லாம் பம்பரத்துக்குத்தான். நடு ஆற்றில் பரிசலை வேகமாகச் சுற்றிவிடுவார்கள், குழந்தைகள் கத்தும், செல்போன்கள் மேலே போகும். எனக்கு இதில் ரசனை இல்லை. சுற்றுவது பரிசலின் இயல்பு. அதைச் செய்யவைக்கத் திறமை வேண்டாம். சுமார் 1520-ல் விஜயநகரம் வந்த போர்ச்சுக்கீசியர் டொமிங்கோ பயஸ் இந்த ஓடங்களைப் பார்த்துக் கூடை போல வட்டமானவை, தோல் போர்த்தியவை, பதினைந்து இருபது பேரையும், வேண்டுமானால் குதிரையையும் மாட்டையும் ஏற்றிச் செல்பவை என்று குறித்து வைத்தார். கூடவே, நேராகப் போக முடியாமல் எப்போதும் சுற்றிக்கொண்டே போகின்றன என்றும் எழுதினார். மனிதர் நல்ல பார்வைக்காரர்தான். ஆனால் அவருக்குத் துடுப்புப் போட்டவர் யாரென்று எனக்குச் சந்தேகம் உண்டு.

ஒகேனக்கல்லுக்கு மேலே பிலிகுண்டுலுவில் நீர்வரத்து ஏறினால் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை போட்டுவிடும். அதே வெள்ளம் மேட்டூரை நிரப்பி, அங்கே திறந்துவிட்டபின் மூன்று நான்கு நாளில் கல்லணைக்கு வந்துவிடும். நாங்கள் குடும்பத்தோடு காவிரிப் பாலத்தில் நின்று வேடிக்கை பார்ப்போம். அந்த நாள்களில் ஒகேனக்கல் பரிசல்காரர்களுக்குக் கூலி இல்லை. ஆகவே போகிறவர்கள் கூலியில் பேரம் பேச வேண்டாம். சுற்ற வேண்டாம் என்று மட்டும் பரிசல்காரரிடம் சொல்லுங்கள். முதலில் ஏமாற்றமாகப் பார்ப்பார், பிறகு நிமிர்ந்து உட்காருவார்.

இறங்கியதும் மீன் கடைக்கு ஓடிவிடாதீர்கள். காலிப் பரிசல் திரும்பும் ஓட்டம்தான் இந்தக் கலையின் உச்சம். பாரம் இல்லாத பரிசல் இலேசாகத் தொட்டாலே சுழலும். ஏறியிருந்தவர்களின் கனம் தந்த நிதானம் போய்விட்டது. அவர் விளிம்பில் ஒரு காலை மடித்துக்கொண்டு, தன் உடம்பின் கனத்தையே பாரமாக்கி, முன்னைவிடக் குட்டையான, வேகமான இழுப்புகளில் போவார். வழியில் பாறை மறித்தால் பரிசலைத் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்து, அந்தப் பக்கம் மறுபடி தண்ணீரில் போடுவார். இதைப் பார்க்கக் கூலி கிடையாது.