தேங்காயும் த்ரீ நாட் த்ரீயும்

"இந்தியாவுல துவக்கத் தோள்ல வச்சு நடக்கத்தான் பழக்குவாங்க மச்சான். சுட எங்க பழக்குறாங்க?"

இலங்கையின் அட்டனில் மாமா வீட்டு முன்கூடத்தில், சுவரில் மாட்டியிருந்த பள்ளிக் கெடேட் படத்தைக் காட்டி மாமா மகன் சொன்னது இது. துவக்கு என்றால் அங்கே துப்பாக்கி. கண்டியில் படித்தவர், இப்போது ஆசிரியர். வேடிக்கையாகத்தான் சொன்னார். கிரிக்கெட்டைப் பற்றிச் சொல்லியிருந்தால் 1996 உலகக் கோப்பையை நினைத்து வாயை மூடிக்கொண்டிருப்பேன். ரைபிள் விஷயத்தில் அப்படி விட முடியாது. நான் அருவங்காட்டு ஆலைச் சங்கின் சத்தத்தில் வளர்ந்தவன்.

சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, தலைமன்னாரில் 'ராமானுஜம்' கப்பலேறி வந்த குடும்பம் எங்களுடையது. அரசுக் காகிதத்தில் 'தாயகம் திரும்பியோர்', குன்னூர்க் கடைத்தெருவில் 'சிலோன்காரங்க'. அட்டனுக்குப் போனால் நான் 'இந்தியாக்காரர்'. எந்தப் பக்கத்தை யார் குறை சொன்னாலும் பதில் சொல்லும் பொறுப்பு என் தலையில்தான் விழுகிறது. இந்த முறை இந்தியாவின் முறை.

குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவே, மலை ரயில் நின்று போகும் அருவங்காட்டில் 1904-லிருந்து கார்டைட் ஆலை இருக்கிறது. பழைய .303 (த்ரீ நாட் த்ரீ) தோட்டாவின் முனைக் குண்டைக் கழற்றிக் கவிழ்த்தால் பொடி கொட்டாது. பழுப்பு நிறத்தில் நீள நீளமான இழைகள், சேமியாக் கட்டைப் போல, சரிந்து வரும். அதுதான் கார்டைட். நைட்ரோகிளிசரினையும் வெடிபஞ்சையும் கொஞ்சம் வாசலினோடு சேர்த்து, அசிட்டோன் விட்டுப் பிசைந்து, கயிறாகப் பிழிந்தெடுப்பது. ஏபல், டூவர் என்ற இருவர் 1889-இல் கண்டுபிடித்தது. முதல் கலவையில் நைட்ரோகிளிசரின் 58 சதவீதம் இருந்தது. அந்தச் சூட்டில் துப்பாக்கிக் குழலே அரித்துப்போனது. பிறகு 30 சதவீதமாகக் குறைத்தார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. தோட்டாவின் பித்தளைக் கூடு முதலில் நேர்க்குழாயாகவே இருக்கும். இழைக்கட்டை உள்ளே வைத்த பிறகுதான் கழுத்தை இறுக்கிச் சுருக்குவார்கள். சுட்டு முடித்த கூட்டில் மறுபடியும் அதே மருந்தை அடைப்பது வீட்டு மேசையில் நடக்கிற காரியமில்லை. வெளிநாடுகளில் பழைய ராணுவ ரைபிள்களை வைத்துக் குறி சுடுபவர்கள், பொடி மருந்தைத் தராசில் நிறுத்துத் தாங்களே தோட்டா கட்டிக்கொள்கிறார்கள். அவர்களுக்கும் பழைய ராணுவக் கூடு தலைவலிதான். பெரும்பாலானவற்றின் அடியில் நடுத்துளை இருக்காது. ஓரமாக இரண்டு சிறு துளைகள். எரிந்துபோன 'கேப்' என்ற தீமூட்டி மூடியை உள்ளிருந்து ஊசியால் நேராகக் குத்தித் தள்ள வழியில்லை.

மருந்து நீலகிரியில், தோட்டா புனேவை ஒட்டிய கிர்கியில், ரைபிள் கல்கத்தாவுக்கு வடக்கே இஷாப்பூரில். 1962-இல் சீனாவோடு மோதியபோது நம் சிப்பாய்களின் கையில் பெரும்பாலும் இருந்தது .303-தான். பிறகு அதே உருவத்தை 7.62 மில்லிமீட்டருக்கு மாற்றி, பன்னிரண்டு தோட்டா பிடிக்கும் மேகசினோடு 2ஏ1 என்று செய்தார்கள். உத்தரப் பிரதேசக் காவல்துறை .303-க்கு விடை கொடுத்தது 2020 குடியரசு தினத்தில். இலங்கையில் ஒரு .303 குழலாவது கடைந்தார்களா என்று மச்சானைக் கேட்டேன். "வாங்குறவனுக்குக் கடையத் தெரியணுமா?" என்று திருப்பிக் கேட்டார்.

சுடப் பழக்குவது பற்றிய பேச்சுக்கு வருகிறேன். தேசிய மாணவர் படையான என்.சி.சி. 1948-இல் தொடங்கியது; இன்று பல லட்சம் பிள்ளைகள். எல்லாருக்கும் அள்ளி அள்ளித் தோட்டா கொடுப்பதில்லை என்பது உண்மைதான். எனக்குக் கிடைத்தது ஐந்து. ஆனால் அந்த ஐந்துக்கு முன்னால் நடப்பதை மச்சான் கணக்கில் சேர்க்கவில்லை. நாலு கிலோ ரைபிளை ஏந்திக் குப்புறப் படுத்து, கால்களை அகட்டி, கட்டையைத் தோள்குழியில் பதித்து, பின்சைட்டின் பிளவில் முன்சைட்டின் முனையை உட்கார வைத்து, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தப் பழக வேண்டும். கட்டையைத் தளர்வாகப் பிடித்தவனுக்கு முதல் வெடியிலேயே தோள்பட்டை பாடம் சொல்லிக் கொடுக்கும். மாலையில் சட்டையைக் கழற்றி நீலம் பாரித்த இடத்தைக் காட்டிப் பெருமை பேசுவோம்.

வெடித்து முடிந்ததும் காலிக் கூடுகளை எண்ணி ஒப்படைக்க வேண்டும். எங்கள் அணியில் ஒருமுறை ஒரு கூடு குறைந்துவிட்டது. அத்தனை பேரும் வரிசையாக முழங்காலிட்டு, நீலகிரிக் குளிரில் நனைந்த புல்லை விரலால் கோதிக்கொண்டே நகர்ந்தோம். கடைசியில் அது ஒருவன் மடித்துவிட்ட சட்டைக் கையின் மடிப்புக்குள் இருந்தது. அதன் பிறகு குழல் கழுவும் வேலை. அந்தக் காலத்துக் கேப் வெடித்தால் குழலுக்குள் உப்புப் படியும். எண்ணெய் மட்டும் போட்டு வைத்தால் விடிவதற்குள் துரு ஏறிவிடும். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி, புல் த்ரூ கயிற்றில் கந்தைத் துணி கோத்து இழுப்போம். துணி வெள்ளையாக வெளியே வரும்வரை ஹவில்தார் விடமாட்டார்.

கட்டளை எல்லாம் இந்தி. 'பர்' என்றால் தோட்டா போடு, 'காலி கர்' என்றால் எடுத்துவிடு. மச்சானுக்குக் கட்டளை எல்லாம் சிங்களத்தில். கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தமிழ்ப்பையன் விசையை அழுத்தியது அடுத்தவன் மொழியில்தான். இந்த ஒன்றில் மட்டும் நாங்கள் இருவரும் சண்டையில்லாமல் சிரித்தோம்.

அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். பள்ளிக் கெடேட் அங்கே 1881-லேயே கொழும்பு ராயல் கல்லூரியில் தொடங்கிவிட்டது. கெடேட் போட்டியின் ஹெர்மன் லூஸ் கிண்ணம் என்ற பெயரைச் சொல்லும்போதே மச்சானின் முதுகு நிமிர்கிறது. தியத்தலாவை முகாமைப் பற்றி அவர் பேசுவதைக் கேட்டால் அங்கே நாமே படுத்துச் சுட்ட மாதிரி இருக்கும்; நான் அந்த ஊரைக் கண்டது பதுளை ரயிலின் ஜன்னல் வழியாகத்தான். ஆனால் 1881 என்பது நகரத்துப் பெரிய பள்ளிகளின் பெருமை. தோட்டத் தொழிலாளர் லயத்துப் பிள்ளையின் தோளுக்கு ரைபிள் அப்போது வந்துவிடவில்லை.

லயத்துக்கு மேலே பங்களாவில் இருந்த துரைக்கு வந்தது. 1900-இல் தொடங்கிய சிலோன் பிளான்டர்ஸ் ரைபிள் படை வெள்ளைத் தோட்டத் துரைமாருக்கு மட்டுமே. போயர் யுத்தத்துக்குப் போனார்கள். முதல் உலகப் போரில் கலிப்போலியில் ஜெனரல் பேர்ட்வுட்டுக்குக் காவல் நின்றார்கள். 1949-இல் படையைக் கலைத்தார்கள். தோட்டத்தில் காலையில் ஆள் எண்ணும் இடத்துக்கு அங்கே இன்றும் 'பெரட்டுக் களம்' என்றுதான் பெயர். பெரட்டு என்பது பரேடுதான். கொழுந்துக் கூடையோடு நிற்கும் பெண்களின் வரிசைக்குப் பட்டாளத்துப் பெயர்! எங்கள் நீலகிரியிலும் துரைமார் படை இருந்தது, நீலகிரி வாலண்டியர் ரைபிள்ஸ் என்று. அது 1878. இதைச் சொன்னபோது மச்சான் தேநீரை ஆற்றுவதில் மும்முரமாக இருந்தார்.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. போயர் யுத்தத்தில் பிடித்த கைதிகளைப் பிரிட்டிஷார் தியத்தலாவையில் அடைத்தார்கள். எங்கள் அருவங்காட்டுக்கு அடுத்திருக்கும் கேத்தியிலும் அடைத்தார்கள். வெகுதூரத்திலிருந்து குறி தவறாமல் சுட்டுப் பிரிட்டிஷ் பட்டாளத்துக்கே பாடம் கற்பித்த விவசாயிகள் அவர்கள். துப்பாக்கி பிடுங்கப்பட்ட கைகளோடு இரண்டு தேயிலை மலைகளையும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

ஒலிம்பிக்கையும் நான் எடுத்தேன். எடுக்காமல் விடுவேனா? 2008-இல் அபினவ் பிந்த்ரா தங்கம். 2012-இல் வெண்கலம் வாங்கிய ககன் நரங் பிறந்தது சென்னையில். இலங்கைக்குத் துப்பாக்கியில் பதக்கமே இல்லை. "அதெல்லாம் காத்துத் துவக்கு" என்றார் மச்சான். ஏர் ரைபிளைத்தான் சொல்கிறார். பதில் சொல்லச் சற்றுத் திணறினேன். ஏனென்றால் பெரிய 'போர்' (குழல் விட்டம்) ரைபிளைப் பொறுத்தவரை எங்கள் சட்டமும் இறுக்கம்தான். .303 தடைசெய்யப்பட்ட போர். பொதுஜனம் வைத்துக்கொள்ள முடியாது. அதற்காகவே இஷாப்பூரில் .315 என்று தனியாக ஒன்று செய்தார்கள். உருவம் அண்ணன் தம்பி. தோட்டா மட்டும் ஒன்றினுடையது மற்றதற்குப் பொருந்தாது. இலங்கையில் 1916-ஆம் ஆண்டுச் சுடுகலச் சட்டம். அதற்கு மேல் கால் நூற்றாண்டைத் தாண்டிய யுத்தம். துவக்கை விளையாட்டாகப் பார்க்கும் மனம் அந்த மண்ணில் எளிதில் முளைக்காது. இதில் அவர்களைக் குறை சொல்லும் அருகதை நமக்கு இல்லை.

கையால் மருந்து போட்டுக் குறி பார்த்துச் சுடுவதன் பழைய அழகைக் காண வேண்டுமென்றால் குடகுக்குப் போக வேண்டும். 1861-லிருந்து குடவர்களுக்கும் ஜம்மா என்ற பரம்பரை நில உரிமைக்காரர்களுக்கும் லைசென்ஸ் விலக்கு உண்டு. இப்போது 2029 வரை நீட்டியிருக்கிறார்கள். ஆண் குழந்தை பிறந்தால் வானத்தை நோக்கி ஒரு வெடி, சாவுக்கு இரண்டு. செப்டம்பர் தொடக்கத்தில் கைல்போல்து என்ற ஆயுதத் திருநாள். நடவு முடிந்த கையோடு, ஐன்மனை என்ற பூர்வீக வீட்டில் பாட்டன் காலத்து வாய்வழி மருந்திடும் துப்பாக்கிகளைத் துடைத்து வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் மீதும் 'தோக்குப் பூ' சார்த்திக் கும்பிடுவார்கள். அது நம் செங்காந்தள். இலங்கையில் அதற்குக் கார்த்திகைப்பூ என்று பெயர். அங்கே அந்தப் பூவின் கதையே வேறு, அதற்குள் நான் நுழையவில்லை. பூசை முடிந்ததும் உயரத்தில் தேங்காயைக் கட்டிவிட்டுச் சுடும் போட்டி. சத்தம் போடுவது இன்று பெரும்பாலும் .22-ம் பன்னிரண்டு போரும்தான். பழையவை பூவோடு ஓய்வெடுக்கின்றன. (இஷாப்பூர் வங்காளத்தில், கிர்கி மராட்டியத்தில், குடகு கர்நாடகத்தில் இருக்கிறதே என்று கேட்காதீர்கள். சண்டை என்று வந்தால் எல்லாம் எங்கள் ஊர்தான்.)

இந்தக் குடகுக் கதையை வவுனியாவில் சித்தப்பாவிடம் சொன்னேன். 1977 இனக்கலவரத்துக்குப் பின் மலையகத்தை விட்டு வன்னிக்குப் போய்க் காடு வெட்டியவர். அவர் பேச்சில் துப்பாக்கி துவக்குதான், சுடுவது 'வெடி வைக்கிறது', தோட்டா 'ரவை'. உப்புமா நினைவுக்கு வராமல் அவர் பேச்சைக் கேட்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பயிர்க்காவல் பரணில் கண்ட இடியன் துவக்கைப் பற்றிச் சொன்னார். குழல் வாயில் மருந்தைக் கொட்டி, தேங்காய்த் தும்பை உருட்டி வைத்து, கோலால் இடித்து, ஈயம் போட்டு, மறுபடி தும்பு வைத்து இடிப்பது. இடிப்பதால் இடியன். மழை ஈரம் பட்டால் வெடிக்காது. அளவு மிஞ்சினால் வைத்தவன் கையே போகும். ஒரு வெடி, அதற்குப் பிறகு பன்றி காத்திருக்காது என்றார். வடக்கே சித்திரைப் புதுவருடத்துக்குத் தேங்காயைத் தேங்காயால் மோதி உடைக்கும் போர்த்தேங்காய் உண்டே, அதைச் சுட்டால் என்ன என்று கேட்டேன்.

"தேங்காய் ஓடாதே தம்பி" என்றார்.

நல்ல பதில்தான். ஆனால் ஓடாத அந்தத் தேங்காயை, பாட்டன் காலத்திலிருந்து துப்பாக்கி பிடித்த குடும்பத்துப் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராகத் தவறவிட்டு, மீசையைத் தடவிக்கொண்டு வரிசையின் கடைசிக்குத் திரும்பிப் போவதைச் சித்தப்பா பார்த்ததில்லை.