ஈசி ஷெட்டும் கடலோரச் சேவலும்

கத்திரி வெயில் நாட்களில் தாய்க்கோழிப் பண்ணையில் முதலில் எண்ணப்படுவது செத்த கோழி, அடுத்து எண்ணப்படுவது முட்டை. சேவல் உயிரோடு நின்று தீவனம் தின்றுகொண்டிருந்தால் அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. நஷ்டமோ அங்கிருந்துதான் தொடங்குகிறது. கறிக்கோழித் தாய்மந்தையின் சேவலையும் பெட்டையையும் தனித்தனியே வெப்பத்தில் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 1995-இல் ‘பவுல்ட்ரி சயின்ஸ்’ இதழில் வெளியானது. கருவுறுதல் சரிவதற்குச் சேவல்பட்ட சூடே பெரிய காரணம் என்று அது காட்டியது. சேவலின் விதைகள் உடலுக்குள்ளேயே, சிறுநீரகத்தை ஒட்டி இருக்கின்றன. உடலின் இயல்பான வெப்பமே ஏறத்தாழ 41 டிகிரி. வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். விந்தணு உருவாகவே சுமார் இரண்டு வாரம் ஆகிறது. பெட்டையும் விந்தணுவை இரண்டு வாரம் வரை தனக்குள் சேமித்து வைக்கிறது. அதற்குமேல் முட்டை அடைகாப்பில் 21 நாள். ஆக, மே மாதச் சூடு பொரிப்பகத்தில் கூமுட்டையாகத் தெரியவரும்போது ஜூன் பிறந்திருக்கும். பழி அதற்குள் தீவனத்தின்மீதோ இன்குபேட்டர் மீதோ விழுந்துவிடும்.

இதற்கு நம் பண்ணைகள் கண்ட பெரிய விடை ஈசி ஷெட், அதாவது உள்சூழலைக் கட்டுப்படுத்தும் மூடிய கொட்டகை. ஒரு முனையில் நனைந்த பேட், மறுமுனையில் பெரிய விசிறிகள். பல்லடம், உடுமலை போன்ற உள்நாட்டுப் பகுதிகளில் இதன் பலனைக் குறைத்துப் பேச முடியாது. வெளியே 38 டிகிரி வெயிலும் 35 சதவீத ஈரப்பதமும் என்றால், முக்கால்வாசித் திறனில் ஓடும் பேட்கூட உள்ளே வரும் காற்றை 29 டிகிரிக்கு இறக்கிவிடும். இதே ஷெட்டைச் சென்னைக்கு வடக்கே கடலோரத்தில் அத்திப்பட்டு, பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கம் அப்படியே கொண்டுவந்து நிறுத்துவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. கடற்காற்று புகுந்த பிற்பகலில் வெப்பம் 34 டிகிரியாக இறங்கினாலும் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தொடலாம். அப்போது அதே பேட் மூன்றரை டிகிரிதான் குறைக்கும். உள்ளே வருவது முப்பதரை டிகிரிக் காற்று. வெளியே வெயில் குறைவாக உள்ள ஊரில் ஷெட்டுக்குள் சூடு அதிகம் என்பது விசித்திரமாகத் தோன்றலாம், ஆனால் கணக்கு அப்படித்தான் வருகிறது. போதாததற்கு, பேட் வழியே வரும் காற்று ஈரம் ஏறி வருவதால் சேவல் இளைத்து ஆற்றிக்கொள்ளும் ஒரே வழியும் மந்தமாகிவிடுகிறது. இரவிலும் வெப்பம் அதிகம் இறங்காத புழுக்கத்தில் பகல் சூட்டை உதற அதற்கு நேரம் கிடைப்பதில்லை.

கடற்காற்று தாமதமாகி, மேற்கிலிருந்து வறண்ட காற்று அடிக்கும் நாட்களும் இங்கே உண்டே என்று கேட்கலாம். உண்டு. 2003 மே 31-இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அத்தகைய நாளில் மந்தையின் உயிரைக் காப்பது பேட்தான். எனவே அதைக் கழற்றி எறியச் சொல்லவில்லை. ஈரப்பதம் ஏறியதும் பேட்டை நனைக்கும் பம்பு தானாக நிற்க வேண்டும், விசிறி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறேன். கடலோரத்தில் பறவையை ஆற்றுவது குளிர்ந்த காற்றைவிட வேகமான காற்றே. பேட்டுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கு விசிறிக்கும் இரவு நேர மின்சாரத்துக்கும் போகட்டும். மின்சாரம் நின்றால் மூடிய ஷெட் சில நிமிடங்களில் அடுப்பாகும். வட சென்னை அனல் மின் நிலையத்துக்குப் பக்கத்துப் பண்ணையாக இருந்தாலும் ஜெனரேட்டர் இல்லாமல் தப்ப முடியாது.

“இவ்வளவு எதற்கு, கிழட்டுச் சேவலை எடுத்துவிட்டு இளசுகளை விட்டால் போதாதா?” என்பது இன்னொரு வாதம். சில வாரங்களுக்குப் பலன் தெரியும். புதுச் சேவலும் அதே புழுக்கத்தில்தான் நிற்கப்போகிறது, கூடவே சண்டையும் நோயும் உள்ளே வரக்கூடும். கூண்டில் வைத்துச் செயற்கைக் கருவூட்டல் செய்யும் முறை இந்த வகையில் மேல். சூட்டை அது தணிப்பதில்லை, ஆனால் சேவலின் நிலையை அன்றைக்கே காட்டிவிடுகிறது. கெட்டியாக, பால் வெள்ளையாக வரவேண்டிய விந்து நீர்த்து வந்தால் எடுப்பவர் கண்ணுக்கே தெரியும். அந்தச் சேவலை ஒதுக்கலாம். தரையில் மந்தையாக வளர்ப்பவருக்கு இந்த வசதி இல்லை. பத்துப் பெட்டைக்கு ஒன்று என்ற கணக்கில் எந்தச் சேவல் சோர்ந்தது, எது ஈடுகட்டியது என்று அவருக்குப் பிரித்தறிய வழியில்லை. மே மாதத்தில் சில சேவல்களையாவது பிடித்து விந்தைப் பார்த்துக் குறித்து வைப்பவருக்கு, ஜூனில் வரப்போகும் கூமுட்டைக் கணக்கு முன்கூட்டியே கிடைத்துவிடும்.