நான்கு மூலை உள்ள ஒட்டு

ஆனி பிறந்ததும் கடையநல்லூரில் எல்லாரும் மேற்கே மலையைப் பார்த்துச் சாரலை ரசிப்பார்கள். எனக்குக் கண் ரோட்டின் மேல்தான் போகும். திருமங்கலத்தில் கிளம்பி ராஜபாளையம், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, புளியரை வழியாகக் கொல்லம் போகிறது 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. அதிலாகட்டும், அதிலிருந்து பிரியும் தெருக்களிலாகட்டும், தார் ஒட்டுகளுக்குப் பஞ்சமில்லை. எது கைதேர்ந்தவர் போட்டது, எது கணக்குக்குக் கொட்டிவிட்டுப் போனது என்பதை ஒரு மழை காட்டிக்கொடுத்துவிடும்.

நல்ல ஒட்டுக்கு நான்கு மூலை இருக்கும். பள்ளம் கோணல்மாணலாக விழலாம். ஒட்டு சதுரமாகவோ நீள்சதுரமாகவோதான் அமைய வேண்டும். அரையடிப் பள்ளத்துக்கு ஓரடிக்கு மேல் வெட்டுவதைப் பார்த்தால் வீட்டுக்காரருக்கு வயிறு எரியும். சொத்தைப் பல்லை அடைக்கும் டாக்டரும் உறுதியான இடம் தட்டுப்படும்வரை குடைந்துவிட்டுத்தானே அடைக்கிறார்? வெட்டிய ஓரம் சுவர் மாதிரி நேராக நிற்க வேண்டும். சரித்து விட்டால் அங்கே கலவை மெலிந்து, நாலு லாரி ஏறியதும் செதில் செதிலாகப் பெயரும்.

அடுத்தது துப்புரவு. தாருக்கும் கல்லுக்கும் நடுவே தூசி இருந்தால் பிடிப்பு இல்லை. ஈரம் அதைவிடப் பொல்லாதது. தண்ணீர் புகுந்தால் ஜல்லியின் மேலுள்ள தார்ப்படலம் உரிந்துபோகும். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ரா. வாசுதேவன் கைவைத்தது இந்த இடத்தில்தான். சூடான ஜல்லி மேல் பிளாஸ்டிக் கழிவுத் துண்டுகளைத் தூவினால், அவை உருகிக் கல்லைப் போர்த்திக்கொள்ளும். அதன் மேல் தார் கலந்தால் தண்ணீர் நுழைய வழி குறையும். 2002இல் கல்லூரி வளாகத்திலேயே அப்படி ரோடு போட்டுக் காட்டினார். 2018இல் பத்மஸ்ரீ வந்தது.

கூட்டிப் பெருக்கிய குழியின் அடியிலும் ஓரங்களிலும் தார் எமல்ஷன் பூசுவார்கள். பூசும்போது பழுப்பாக இருக்கும்; நீர் பிரிந்ததும் கறுக்கும். அந்தக் கறுப்புக்குக் காத்திருப்பவரே வேலைக்காரர். குழியை நிரப்பும் சூட்டுக்கலவை பிளாண்டிலிருந்து ஏறக்குறைய 150 டிகிரியில் புறப்படும். 90 டிகிரிக்குக் கீழே ஆறுவதற்குள் இறுக்கி முடித்தாக வேண்டும். ஆழக் குழியை ஒரே மூச்சில் நிரப்பக் கூடாது. அடுக்கடுக்காகப் போட்டு, திமிசுக்கட்டையால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி இடிக்க வேண்டும். கடைசி அடுக்கு ஒன்றிரண்டு நூல் மேடாக நிற்கட்டும். வண்டிகள் ஏறி இறங்கிச் சமன் செய்துவிடும்.

ஒட்டு வேலைதானே என்று இளக்காரமாக நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தார் ரோட்டின் கதையில் ஒரு பெரிய திருப்பமே ஓர் ஒட்டில்தான் தொடங்குகிறது. 1901 வாக்கில் இங்கிலாந்தின் டெர்பிஷையரில், கீழே சிந்திய தாரை மறைக்க யாரோ இரும்பாலைக் கசடைக் கொட்டியிருந்தார்கள். அந்த இடத்தில் மட்டும் தூசி எழவில்லை என்பதைக் கவனித்தார் எட்கர் ஹூலி என்ற பொறியாளர். மறு ஆண்டே அந்தக் கலவைக்குக் காப்புரிமை வாங்கினார் என்பார்கள்.

வீட்டு கேட்டுக்கு முன்னால் உள்ள பள்ளத்தை நாமே அடைக்கலாம். மூட்டையில் கிடைக்கும் கோல்டு மிக்ஸ் கலவைக்கு அடுப்பும் வேண்டாம், தார் பீப்பாயும் வேண்டாம். இத்தகைய ஆயத்தக் கலவைக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2014இல் தர விதிகளே வெளியிட்டிருக்கிறது. ஆனால் மூட்டை மாறினாலும் முறை மாறாது: வெட்டு, கூட்டு, பூசு, அடுக்கு, இடி. சாரல் ஓய்ந்து ஐப்பசி மழை தொடங்குமுன் வரும் புரட்டாசி வெயிலே இதற்குத் தோதான காலம். வேலைக்கு ஆள் வைத்தால், வெட்டாமல் கொட்டத் தொடங்குகிறவரை அப்போதே நிறுத்துங்கள். கூலியையும் மண்வெட்டி தொட்ட அளவுக்குப் பேசாதீர்கள். கடப்பாரை தொட்ட அளவுக்குப் பேசுங்கள்.