16 ஸ்கொயர் ஒயரும் ஓரியான் சார்ஜரும்

டிரெய்லரை இழுத்துக்கொண்டு நிதானமாக ஓட்டினால் மம்சாபுரத்திலிருந்து குற்றாலத்துக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும். ராஜபாளையம், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி என்று வழி. அந்த இரண்டு மணி நேரத்துக்குள் டிரெய்லர் பேட்டரி நிரம்பிவிட வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

காரணம், அம்மாவின் இன்சுலின். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து அது. டிரெய்லரில் 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ், ஒரு ஃபேன், இரண்டு எல்இடி விளக்கு, 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரி (இரும்பு பாஸ்பேட் வகை) வைத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு 55 ஆம்பியர்-ஹவர் வரை இவை இழுக்கும். கூரையில் சோலார் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். குற்றாலத்துக்கு நாங்கள் போவதே சாரல் மாதங்களில். அப்போது வெயிலை நம்பி மருந்தை வைக்க முடியாது. ஆகவே எஞ்சினிலிருந்து, நம் பக்கத்து மெக்கானிக்குகள் இன்னமும் டைனமோ என்று சொல்லும் ஆல்டர்னேட்டரிலிருந்து, மின்சாரத்தை எடுத்தாக வேண்டும்.

முதலில் பார்த்த எலக்ட்ரீசியன், "ஏழு பின் பிளக்குலயே சார்ஜ் ஒயரு கொடுத்துரலாம் அண்ணாச்சி, தனியா எதுக்கு?" என்றார். ஒரு ரிலே போட்டு, 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயரில் இழுத்தும் கொடுத்தார். வழியில் நிறுத்தி கிளாம்ப் மீட்டரை மாட்டினால் 8 ஆம்பியரைத் தாண்டவில்லை. அதிலும் ஃபிரிட்ஜ் தன் பங்கை எடுத்துக்கொண்டது. 35 சதவீதத்தில் கிளம்பிய பேட்டரி குற்றாலத்தில் 47-இல் நின்றது.

அதன் பிறகுதான் நெதர்லாந்தின் விக்ட்ரான் நிறுவனம் செய்யும் ஓரியான்-டிஆர் ஸ்மார்ட் 12/12-30 என்ற டிசி-டிசி சார்ஜரை வாங்கினேன். வண்டியிலிருந்து வரும் வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் பேட்டரிக்கு வேண்டிய அளவில் மாற்றி 30 ஆம்பியர் கொடுக்கும் பெட்டி இது. மைலேஜுக்காக ஆல்டர்னேட்டர் வோல்டேஜைக் குறைத்துவிடும் புதிய வண்டிகளில் வெறும் ரிலே கைவிட்டுவிடும். அங்கே இது அவசியம். என் பழைய பொலிரோவில் வேறொரு நன்மை கிடைத்தது. லித்தியம் பேட்டரியைத் தடித்த ஒயரில் நேரடியாக மாட்டினால் அது கிடைத்ததையெல்லாம் இழுக்கும், ஆல்டர்னேட்டர் சூடேறிக் கெடும். இது 30-க்கு மேல் விடாது.

பெட்டியை மாட்டியதும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. 6 ஸ்கொயர் ஒயர் போட்டிருந்தேன். கிளம்பியதிலிருந்து சார்ஜர் சில நிமிடத்துக்கு ஒருமுறை அணைவதும் எரிவதுமாக இருந்தது. பானெட்டிலிருந்து டிரெய்லரின் முன்பெட்டிக்கு ஒயர் 7 மீட்டர். போக வர 14. முப்பது ஆம்பியரை வெளியே கொடுக்க இந்தப் பெட்டி 35 ஆம்பியர் அளவுக்கு உள்ளே வாங்குகிறது. அவ்வளவு கரண்ட் ஓடும்போது அந்த ஒயரிலேயே 1.4 வோல்ட் தொலைந்துபோகிறது. 14 வோல்ட் புறப்பட்டால் சேர்வது 12.6. எஞ்சின் அணைந்துவிட்டது என்று சார்ஜர் முடிவு செய்து நின்றுவிடும். நின்றதும் கரண்ட் இல்லை, வோல்டேஜ் ஏறும், மறுபடி எழுந்துகொள்ளும்.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. 16 ஸ்கொயர் செம்பு ஒயர், நல்ல லக், 50 ஆம்பியர் ஆண்டர்சன் பிளக், இரு முனையிலும் 60 ஆம்பியர் ஃபியூஸ் என்று மாற்றியதும் இழப்பு அரை வோல்ட்டுக்கு இறங்கியது. மைனஸையும் தனி ஒயராகவே இழுங்கள். துருப்பிடித்த கொக்கியை எர்த் ஆக நம்பக்கூடாது. சாவியிலிருந்து ஒரு மெல்லிய ஒயரைச் சார்ஜரின் ரிமோட் முனைக்குக் கொடுத்து, எஞ்சின் ஓடுகிறதா என்று அது ஊகிக்கும் வேலையை அதன் செல்போன் செயலியில் நிறுத்தியும் விட்டேன். அதே 35 சதவீதத்தில் கிளம்பி, தென்காசி தாண்டும்போது செல்போனில் பார்த்தால் 89.

சூடு மட்டும் கவலை. 40 டிகிரிக்கு மேல் சார்ஜர் தன் திறனைத் தானே குறைத்துக்கொள்ளும் என்று கையேடு சொல்கிறது. நம் ஊர் சித்திரை வெயிலில் மூடிய தகரப் பெட்டிக்குள் 40 என்பது சாதாரணம். காற்று போகத் தகரப் பெட்டியின் இரு பக்கமும் ஓட்டை போட்டு, சார்ஜரைச் செங்குத்தாக மாட்டியிருக்கிறேன். ஐபி43 தரம்தான் என்பதால் சாரல் நேராக அடிக்கும் இடத்தில் வைக்கக்கூடாது.

விலை குறைவில்லை, ஒயரின் விலையும் சேர்ந்தால் இன்னும் கனக்கும். இருந்தும் வாங்கலாம் என்றே சொல்வேன், ஒயரில் மிச்சம் பிடிக்காதவர்களுக்கு. ஆனால் ஒன்று: டிரெய்லர் நின்றால் சார்ஜும் நிற்கும். கொக்கியைக் கழற்றிவிட்டுச் செங்கோட்டைக்குப் போய் வந்தால் பேட்டரிக்குப் பயனில்லை. மாட்டிக்கொண்டு போனாலும் இருபது நிமிட ஓட்டத்தில் 10 ஆம்பியர்-ஹவர்தான் ஏறும். அதனால் இரண்டாம் இரவும் தங்குவதென்றால் விடுதிக்காரரிடம் ஒரு பிளக் பாயிண்ட் கேட்டு, வீட்டு மின்சாரத்தில் ஓடும் சிறிய சார்ஜரை மாட்டிவிடுகிறேன்.