பூட்டு பலம்தான், சாவிக்கொத்து எங்கே?

2018-ல் ‘எஸ்டி-வான் இன்டர்நெட் சென்சஸ்’ என்று ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. செர்கேய் கோர்டேய்ச்சிக், டெனிஸ் கோலெகோவ் குழுவினர் எழுதியது. இதை இப்போது திரும்பப் படித்தேன். எது இன்றும் நிற்கிறது, எது நிற்கவில்லை என்று குறித்து வைக்கிறேன்.

முதலில் விஷயம். நூறு கிளை உள்ள நிறுவனம் முன்பெல்லாம் எம்பிஎல்எஸ் லைனை வாடகைக்கு எடுத்து, ஒவ்வொரு கிளை ரவுட்டரையும் தனித்தனியாக கான்ஃபிகர் பண்ணும். எஸ்டி-வானில் சாதாரண பிராட்பேண்டு மேலேயே ஐபிசெக் டனல் போட்டு, அத்தனை கிளையையும் ஒரே மேலாண்மை சர்வரிலிருந்து நடத்தலாம். ‘எல்லாம் என்கிரிப்ட் ஆகுது, கவலையே வேண்டாம்’னு விற்பவர்கள் சொல்வார்கள். டனல் பலம்தான். ஆனால் நூறு கிளைக்கும் சாவி அந்த ஒரு சர்வரில் இருக்கிறதே!

கட்டுரையின் பலம் இங்கேதான். ஷோடான், சென்சிஸ் தேடுபொறிகளை வைத்து, வெளியே தெரியும் எஸ்டி-வான் கருவிகளைத் தேடினார்கள். பெரும்பாலானவற்றில் பழைய மென்பொருள், தவறான கான்ஃபிகரேஷன், ஏற்கெனவே தெரிந்த ஓட்டைகள். சும்மா சொல்லக்கூடாது, நல்ல வேலை.

குறை இரண்டு. ஒன்று, இப்படித் தேடினால் இணையத்தில் தெரிவது மட்டும்தான் சிக்கும். ஒழுங்காக உள்ளே மறைத்து வைத்தவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். ஆகவே அந்தப் ‘பெரும்பாலானவை’யை எல்லா நிறுவனத்துக்கும் நீட்ட முடியாது.

இரண்டாவதுதான் முக்கியம். பழைய வெர்ஷனைத் தேடும் கண்ணுக்கு, பேட்ச் போட்டால் பிரச்சினை தீர்ந்தது போலத் தெரியும். 2024 அக்டோபரில் ஃபோர்ட்டிமேனேஜர் ஓட்டை (சிவிஇ-2024-47575) வெளியே வந்தது. கிளைகளின் ஃபோர்ட்டிகேட் கருவிகளை மொத்தமாக மேலாண்மை செய்யும் சர்வர் அது. சரியான அங்கீகாரச் சோதனை இல்லாத ஒரு வழியாக உள்ளே வந்தவர்கள், கிளைக் கருவிகளின் கான்ஃபிகரேஷனையும் ஹேஷ் செய்த பாஸ்வேர்டுகளையும் எடுத்துப் போனார்கள். தாக்குதல் ஜூன் மாதமே தொடங்கிவிட்டது என்றது மேண்டியண்ட். நடுவில் நாலு மாதம். அப்போது வெர்ஷனைப் பார்த்திருந்தால் ‘லேட்டஸ்ட், ஓகே’ என்றுதான் வந்திருக்கும்.

அந்த நாலு மாதத்தில் காப்பாற்றக்கூடியது வேறு: மேலாண்மை போர்ட்டை யாரெல்லாம் தொட முடியும், முன்பின் தெரியாத கருவி தானாகப் பதிவு செய்துகொள்ள விடுகிறோமா என்ற இரண்டு கேள்விகள். தற்காலிகத் தீர்வாக நிறுவனம் சொன்னதும் இதையேதான்: தெரியாத கருவியை மறு, தெரிந்த ஐபி முகவரியை மட்டும் அனுமதி.

அடுத்த சென்சஸ் எடுப்பவர்கள் இதையும் அளக்கட்டும். வெளியிலிருந்து அளப்பது கஷ்டம்தான். அதுவரை உங்கள் நெட்வொர்க் ஆட்களிடம் அந்த இரண்டையும் கேட்டுப் பாருங்கள்.